ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால் இதைப் படி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். நம் 'தவளை' பயலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அப்பனின் முட்டைக்கண் அப்படியே இருக்கிறதாம். மாமாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, பழையபடி எல்லோரையும் திட்டத் தொடங்கிவிட்டார். அவர் திட்டினால் சரியாகிவிட்டார் என்றுதானே நம் கணக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, வீட்டுக் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் அடிக்கப் போகிறேன் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டேய், தயவுசெய்து அதில் கை வைக்காதே. இதை முழுதாகப் படித்து முடி, அப்புறம் பார்க்கலாம்.

நீ சொன்ன அறிகுறிகள் அத்தனையும் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருந்தன. டெஸ்க்டாப் வரவே வெகுநேரம் ஆகும். படங்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும், மவுஸ் அம்பு மட்டும் நகரும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பார்க்க வந்தவர் வைரஸ்தான் என்று அடித்துச் சொல்லி, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடக் கிளம்பிவிட்டார். அத்தானும் தலையாட்டிவிட்டார். நல்லவேளை, அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

போனதும், கம்ப்யூட்டருக்குள் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு (கணக்குப் போடும் மூளை), மெமரி (ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம்), டிஸ்க் (எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் இடம்) என்று இருக்கும். கம்ப்யூட்டர் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்காக மற்றவை காத்துக் கிடக்கின்றன. எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று பார்க்காமலே வைத்தியம் செய்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிபியு உச்சத்திலேயே நின்றால் ஏதோ ஒரு புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தூசி அடைத்துச் சூடு ஏறினாலும் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரேம் நிரம்பிவிட்டால், அதில் கொள்ளாததை விண்டோஸ் டிஸ்கில் எழுதுவதும் எடுப்பதுமாக இருக்கும். 4 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு பிரவுசரில் ஒரு டேபைக்கூட மூட மனம் வராத உனக்கு அதுவும் நடக்கலாம்.

அக்காவுடையதில் சிபியுவும் ரேமும் சும்மா இருந்தன. டிஸ்க் மட்டும் 100 சதவீதம். ஆனால் வேகம் விநாடிக்கு 1 எம்பிகூட இல்லை.

இதை மட்டும் வைத்து டிஸ்க் போய்விட்டது என்று சொல்லக் கூடாது. சுழலும் ஹார்ட் டிஸ்கின் சுபாவமே அது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்குக்கு ஒரு சுற்று முடிய 8 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். படிக்கும் முனையான ஹெட் சரியான தடத்துக்கு நகர வேண்டும், வேண்டிய இடம் சுழன்று அதன் அடியில் வர வேண்டும். அங்கங்கே சிதறிக் கிடக்கிற சிறு துண்டுகளைக் கேட்டால் விநாடிக்கு நூறு துண்டு எடுப்பதே பெரிது. துண்டுக்கு 4 கேபி வைத்துப் பெருக்கிப் பார், அரை எம்பிகூடத் தேறாது. ஒரே பெரிய வீடியோவை நேராகப் படிக்கச் சொன்னால் அதே டிஸ்க் 100 எம்பிக்கு மேல் தரும். அதனால் விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் நல்ல டிஸ்கும் திணறத்தான் செய்யும்.

நீ பார்க்க வேண்டியது அங்கேயே இருக்கிற ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம், அதாவது கேட்டதற்கு டிஸ்க் பதில் தர எடுக்கும் சராசரி நேரம். அக்காவுடையதில் அது ஆயிரக்கணக்கான மில்லிவிநாடியில் நின்றது. டிஸ்கில் ஒரு செக்டாரை, அதாவது ஒரு சிறு கட்டத்தை, படிக்க முடியாவிட்டால் ஹார்ட் டிஸ்க் உடனே கைவிரிக்காது. திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அதுவரை விண்டோஸும் அசையாது. அந்த உறைதலுக்குக் காரணம் இதுதான். உன்னுடையது படங்கள் ஃபோல்டரில் மட்டும் உறைகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் என்னை உலுக்கிவிட்டது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும், ஸ்மார்ட் என்பார்கள். அதை இது எடுத்துக் காட்டும். ரீஅலொகேட்டட் செக்டார்ஸ் (கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்டவை), கரண்ட் பெண்டிங் செக்டார் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை) என்ற இரண்டு வரிகளையும் பார். அக்காவுடையதில் இரண்டிலும் எண் ஏறியிருந்தது, மேலே மஞ்சள் நிறத்தில் 'காஷன்', அதாவது எச்சரிக்கை, என்று நின்றது. நல்ல நிலை என்று பச்சையோ நீலமோ காட்டினால் நிம்மதி என்று இருந்துவிடாதே. 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்குகளை ஆராய்ந்தார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்கைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், பழுதான டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியம் என்று அவர்கள் கண்ட நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றையும் காட்டாமலே போயிருக்கின்றன.

இப்போது கேள். அம்மா பாடியதை நாம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பதிவு செய்தோமே, அது உன் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எங்கே இருக்கிறது? பழைய போனில் இருந்ததும் போனோடு போயிற்று என்று நீயே சொன்னாய். விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது? எனக்கும் அவள் அம்மாதான்டா.

அதனால் முதல் வேலை, வெளியே மாட்டுகிற ஒரு டிரைவில் அந்தப் பதிவை நகலெடு. அப்புறம் குடும்பப் படங்கள், அப்புறம் ஆவணங்கள். சினிமாக்கள் கடைசியில், முடிந்தால். கட் செய்யாதே, காப்பி மட்டும் செய். ஒரு ஃபோல்டர் மொத்தமாக மாட்டிக்கொண்டு நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ, மிச்சத்தை பிறகு சின்னச் சின்னதாக எடுக்கலாம். நகல் முடியும்வரை, சிதறிய துண்டுகளை அடுக்கி வைக்கும் டிஃப்ராக் வேண்டாம், டிஸ்கில் பிழை தேடும் செக்டிஸ்க் வேண்டாம். சாகக் கிடக்கிற டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டு இன்னும் வதைப்பவை அவை. உள்ளே டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடு. பிறகு அதை டேட்டா மீட்பவர்கள்தான் தொட வேண்டும். வேகம் கூட்டித் தருகிறேன் என்று நீ போட்டு வைத்திருக்கிற அந்த பூஸ்டரை எல்லாம் பிறகு தூக்கி எறிந்துகொள்ளலாம்.

நகல் கைக்கு வந்தபின், சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாக மாட்டிவிடலாம், சாட்டா வகையாகப் பார்த்து. பழைய சாட்டா ஹார்ட் டிஸ்க் இருந்த அதே கனெக்டரில் போய் உட்காரும். சுழல்வதற்கு ஒன்றுமே இல்லாததால் சிதறிய துண்டுகளையும் ஒரு மில்லிவிநாடிக்குள் எடுத்துத் தரும். அக்காவின் கம்ப்யூட்டரில் மாற்றியது அது ஒன்றுதான். இப்போது அத்தான் அதை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, உன்னுடையதில் 11 ஏறுமா என்று அப்போது பார்ப்போம். ஏறாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன், புதுக் கம்ப்யூட்டர் வாங்க அவசரப்படாதே.

இன்று இரவே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரையைப் படம் பிடித்து அனுப்பு. அம்மாவின் பதிவு நகலானதும் எனக்கும் ஒன்று அனுப்பிவிடு, இரண்டு வீட்டிலும் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்