எங்கள் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கத் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையில், டெல்டா கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கும் பழக்கமே கிடையாது, அதனால்தான் அறிவியலில் பின்தங்குகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. நான்கு நாளாக மனசு ஆறவில்லை. தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 31 வருடம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தவள் நான்.

ஒன்பதாம் வகுப்பில் மிதத்தல் பாடம். முகவையில் தண்ணீர் ஊற்றி ஒரு கோழிமுட்டையைப் போட்டேன். அடியில் போய் உட்கார்ந்தது. உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க லேசாக எழும்பியது. கடைசி பெஞ்சில், அந்த வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பையன், "பத்தாது டீச்சர், முட்டை நாலணாக் காசு அளவுக்குத் தண்ணிக்கு மேல தெரியணும்" என்றான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவன் வீட்டில் விதைநெல் பிரித்தெடுப்பது அப்படித்தானாம். அந்தப் பதத்து உப்புத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைநெல்லும் மேலே வந்துவிடும். அதை அரித்து எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி, அப்புறம்தான் முளைகட்டுவார்களாம். அதோடு அவன் விடவில்லை. "பதரு சாதாத் தண்ணியிலயே மிதக்குது. அரைநெல்லு மட்டும் ஏன் டீச்சர் உப்புத் தண்ணியிலதான் மிதக்குது?" அடர்த்திப் பாடம் மொத்தமும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அதே பையனை எழுப்பி ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைச் சொல்லச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாணவர்கள் மந்தம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். உங்கள் கட்டுரையைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை வேறு எப்படி நிற்பான்? வீட்டில் அது மரியாதை. அதே மரியாதையைப் பள்ளிக்கூடம் அறியாமை என்று கணக்கு எழுதுகிறது. பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். வகுப்பில் ஊமையாக இருப்பவள், மணி அடித்த பிறகு வராந்தாவில் என் பின்னாலேயே வந்து கேட்பாள். இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். செய்முறைக்குக் குழு பிரித்தால் தெருவாரியாகத்தான் போய் நிற்பார்கள். நான் கலைத்துப்போட்டதற்கு, "யார் பக்கத்துல எம் பொண்ண ஒக்கார வச்சீங்க?" என்று ஒரு தகப்பனார் பள்ளிக்கே வந்தார். இதுவும் எங்கள் ஊர்ப் பண்பாடுதான், மறைக்கவில்லை. கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பிள்ளைகள் மேல் பழி போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எங்கள் பிள்ளைகள் நம்பித்தான் வருவார்கள். மூடநம்பிக்கை என்று நான் திட்டியதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த நிழலிலேயே உட்கார வைத்தேன். "அப்ப மத்தியானம் ஏன் டீச்சர் தெரியறதில்ல?" என்றாள் ஒருத்தி. அடி அகலம், மேலே போகப் போகக் குறுகல், சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது, அதனால் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்துவிடுகிறது என்று தரையில் படம் போட்டுக் காட்டினேன். ஆயிரம் வருடத்துக்கு முன் கட்டியவர்கள் மேல் அவளுக்கு மதிப்பு குறையவில்லை, கூடியது.

பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே சொல்கிறது. நீங்கள் அறியாததில்லை. நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஆய்வகம் சைக்கிள் அடுக்கும் அறையாக இருந்தது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகச் சிலை வார்க்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு உருகுநிலையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இதையெல்லாம் முன்பே உங்களுக்கு ஒரு கடிதமாக எழுதினேன். வரவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கலாம்.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை ஐயா. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள். டெல்டாவில் அதைப் பார்க்காமல் பேப்பரை மடிக்கிற விவசாய வீடு கிடையாது. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், வாரம் ஒரு நாள், ஒரு பள்ளிப் பிள்ளையின் கேள்வியைப் போடுங்கள். பெயர், வகுப்பு, ஊரோடு போடுங்கள். நாலு வரி போதும்.

முதல் கேள்வியை நானே அனுப்புகிறேன். உங்கள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது: "120 அடிக்கு 93.47 டி.எம்.சி.ன்னு போட்டிருக்கு. 60 அடி இருக்கறப்ப பாதி இருக்கணுமே, ஏன் டீச்சர் அவ்வளவு கம்மியா இருக்கு?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
வலங்கைமான்.