அன்று சொல்ல மூச்சில்லாத நன்றி

செல்லூரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நுரையீரல் ஆபரேஷன் முடிந்து வந்த என்னைப் பார்க்க நீங்கள் வீடு தேடி வந்தபோது வாயைத் திறந்து ‘வாங்க’ என்றுகூட நான் சொல்லவில்லை. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கிய நேரம் அது. இப்போது தெருமுனை வரை நடந்துபோய் பால் வாங்கி வருகிறேன். அதனால் எழுதுகிறேன்.

வாலிபத்தில் வந்துபோன டிபி, வலது நுரையீரலின் மேல் மடலில் ஒரு குழியை விட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்குள் பூஞ்சை உருண்டையாகக் கட்டிக்கொண்டது, இருமினால் ரத்தம். பெரியாஸ்பத்திரியில் அந்த மடலையே எடுத்துவிட்டார்கள். மிச்சமுள்ள இரண்டு மடலும் விரிந்து அந்த இடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளுமாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கடன் வாங்காமல் தப்பித்தோம். டாக்டர்களுக்கும், நெஞ்சுக் குழாயின் பாட்டிலில் குமிழி வருகிறதா என்று ராத்திரியெல்லாம் வந்து பார்த்த சிஸ்டர்களுக்கும் கைகூப்புகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு தெரிந்தது. மட்டமல்லாக்கப் படுக்க முடியாது. எதிர்வீட்டு அண்ணாச்சி தன் ஈசிசேரைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி தங்கச்சி, இருமல் வந்தால் தலையணையைத் தையல் பக்கம் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுத்தார். தோள் இறுகிவிடாமல் இருக்க, விரல்களைச் சுவரில் மெல்ல மேலே ஏற்றச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். ஓர் ஆணி அடிக்கவே விடாத வீட்டுக்காரம்மா அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும், அடுத்த வருஷம் வெள்ளையடிச்சுக்கலாம்” என்றார். இதைவிடப் பெரிய மனசு எனக்குத் தெரிந்து கிடையாது.

அப்புறம் மாடி வீட்டுப் பேரன். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியை ஊதக்கூடாது, உறிஞ்சி இழுக்க வேண்டும்; இழுக்கிற வேகத்துக்கு ஏற்பப் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பும். நொடிக்கு எத்தனை மில்லி காற்றை இழுத்தால் எந்தப் பந்து எழும்பும் என்று 600, 900, 1200 எனப் போட்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து, “தாத்தா, சாய்க்காதீங்க, நேரா பிடிங்க” என்று அதட்டுவான். மூன்றாவது பந்து முதல்முறை எழும்பிய அன்று, தெருவுக்கே கேட்கும்படி விசிலடித்தான்.

மாரியம்மன் திருவிழாக் கமிட்டித் தம்பிகள் வெடியைத் தெருவின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் சாம்பிராணிப் புகையையே நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் யாரும் என்னிடம் சொல்லவில்லை; என் மனைவிதான் கவனித்துச் சொன்னாள்.

தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம், ஆட்டுநெஞ்செலும்பு சூப், நத்தைக்கறி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னவர்களுக்கும் நன்றி. எதைச் சாப்பிட்டேன், எதைச் சாப்பிடவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். வந்து ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் விசிறிவிட்டுப் போனவர்களுக்குக் கூடுதலாக ஒரு கும்பிடு.

கடைசியாக ஒன்று. கஞ்சியும் இட்லியும் கொடுத்துவிட்ட பாத்திரங்களில் ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியரும் இரண்டு தூக்குச்சட்டியும் எங்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. ஒன்றிலும் பெயர் வெட்டவில்லை. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று மனைவி சீனி போட்டு வைத்திருக்கிறாள். எறும்பு வருவதற்குள் வந்தால் நல்லது.