எண்ணெயை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் வந்த சர்க்கரை நோய்க் கட்டுரையைப் படித்தேன். சோற்றைக் குறையுங்கள், இனிப்பைத் தொடாதீர்கள், தினமும் நடங்கள் என்று எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் நாலு பக்கக் கட்டுரையில் எண்ணெயைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதுதான் என் குறை. "நான் இனிப்பே தொடுறதில்லையே" என்று சொல்லிக்கொண்டே ரெண்டு வடையை உள்ளே தள்ளும் ஆட்கள் நம்மூரில் ஏராளம். அவர்களுக்கு இந்தக் கட்டுரை ரொம்ப வசதியாகப் போயிருக்கும்.

நான் திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தை மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பணு அடியில் தங்கிவிடும், மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்த பிளாஸ்மா நிற்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத சிலர் பூரியோ புரோட்டாவோ சாப்பிட்டுவிட்டு வந்து கொடுக்கும் ரத்தத்தில் அது மோர் மாதிரி வெளுத்து நிற்கும். அந்த வெள்ளை, ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு. அவர்கள் ரிப்போர்ட்டை வாங்கியதும் பார்ப்பது என்னவோ சர்க்கரை அளவை மட்டும்தான்.

கொழுப்பும் சர்க்கரையும் ரத்தத்தில் சேர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயமே. கிருமி வந்தால் கண்டுபிடிக்க நம் வெள்ளணுக்களின் மேல் டிஎல்ஆர்4 என்று ஓர் உணர்வி இருக்கிறது. பாமாயிலில் நிறைய உள்ள பால்மிட்டிக் அமிலம் போன்ற நிறைவுற்ற கொழுப்பு மிஞ்சிப் போனால், கிருமியே இல்லாமல் அந்தப் பாதை தூண்டப்பட்டு, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 என்று அழற்சியை (காயம் பட்டால் சிவந்து வீங்குமே, அது மாதிரி உடம்புக்குள்ளேயே நடப்பது) உண்டாக்கும் பொருட்கள் சுரக்கின்றன. கூடுதல் சர்க்கரை வேறு வழியாக வருகிறது: செல்லுக்குள் ஆக்சிஜன் கழிவைப் பெருக்குகிறது, புரதங்களில் போய் ஒட்டி அவற்றைக் கெடுக்கிறது (மூன்று மாதச் சராசரி பார்க்கிறோமே ஹெச்பிஏ1சி, அதுவும் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் கணக்குதான்), கடைசியில் தூண்டிவிடுவது அதே அழற்சியைத்தான். 1993இல் அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில் என்கிற ஆராய்ச்சியாளரின் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப் ஆல்ஃபாவைச் சுரப்பதையும், அதை முடக்கினால் இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்வதையும் காட்டிவிட்டார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் சர்க்கரை மட்டுமா ஏறும், கொழுப்புச் செல்களிலிருந்து கொழுப்பும் கட்டுப்பாடில்லாமல் ரத்தத்துக்கு வரும், அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் என்கிற சர்க்கரை நோய் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அதே தமிழ்நாட்டில் ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பது பாமாயில். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை, வெளியே கடலை எண்ணெய் விற்கிற விலைக்கு வேறு என்ன செய்வார்கள்? பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் கேட்கிறார்கள். பிழைப்புக்காகக் கேட்பது நியாயம். உடம்புக்கு நல்லது என்ற காரணத்தை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம், தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அதற்காக அவற்றைத் தாராளமாக ஊற்றலாம் என்று அர்த்தமில்லை, தொப்பைக்குள் சேரும் கொழுப்பு எந்த எண்ணெயிலிருந்து வந்தாலும் அழற்சியைக் கிளப்பும்.

எங்கள் பக்கத்துச் சாளை (மத்தி) மீனையும் சொல்லியிருக்கலாம். அதிலுள்ள ஒமேகா 3 என்கிற கொழுப்பு அழற்சியைக் கொஞ்சம் தணிக்கக்கூடியது. குழம்பு வைத்தால்தான், பாமாயிலில் முக்கிப் பொரித்தால் இல்லை. மீன் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு, அவர்களுக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் எண்ணெய்க்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும், மூலையில் பெட்டிச் செய்தியாகப் போட்டு முடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி