24 கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வராமலே மூன்று வாரம் ஓடிவிட்டது. கடிதம் என்றால் நடுவில் கட் பண்ண முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன். ராத்திரி படுக்கும் முன் கதவைத் தாழ் போட்டாயா என்று ஒரு தடவை இழுத்துப் பார்.

கிறிஸ்மஸ் வரை நாள் எண்ண நீ அனுப்பிய நாள்காட்டி நவம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. 24 குட்டிக் கதவு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் இனிப்பு. அம்மா தினமும் செபமாலை முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அன்றைய எண்ணைத் தேடுகிறாள். நகத்தால் விளிம்பைக் கீறித் திறந்து, இனிப்பை எடுத்ததும், கதவைத் திரும்ப அழுத்தி மூடிவிடுகிறாள். திறந்து கிடந்தால் பார்க்க நன்றாயில்லையாம். இன்றோடு 15 கதவு ஆயிற்று. பெட்டியில் அனுப்பியவர் என்று உன் பெயர் மட்டும் இருந்தது. போன வருஷம் இரண்டு பெயர் இருந்தது. இடம் போதவில்லை போலிருக்கிறது.

அந்த நாள்காட்டி டிசம்பர் 1-இல் ஆரம்பிக்கிறது. கிறிஸ்மஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம் இந்த வருஷம் நவம்பர் 30-லேயே ஆரம்பித்துவிட்டது. சில வருஷம் அது 22 நாள்தான், சில வருஷம் 28 நாள் வரை நீளும். வருஷா வருஷம் அளவை மாற்றி அச்சடித்தால் கம்பெனிக்குக் கட்டுமா? அதனால் 24. ஜெர்மனியில் அந்தக் காலத்தில் வீட்டுக் கதவில் சாக்கட்டியால் கோடு போட்டு, நாளுக்கு ஒன்றாக அழிப்பார்களாம். காலணா செலவில்லாத சங்கதி. அது அட்டைப் பெட்டியாகி, பெட்டிக்குள் இனிப்பு வந்து, இப்போது வாசனைத் திரவியம் வரைக்கும் வந்து நிற்கிறது.

வியாபாரத்தைக் குறை சொல்லுகிறேன் என்று நினைக்காதே. கல்லாவில் உட்கார்ந்துதான் உன்னைப் படிக்க வைத்தேன். டிசம்பர் என்றால் எனக்குச் சீசன். நீ கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு முன்னால் தூங்கிப்போன வருஷங்களில் எல்லாம் நான் கடையில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன். இப்போது உனக்கும் அதே சீசன். பிளாக் பிரைடே தள்ளுபடி விற்பனை முடிந்தும் மூச்சுவிட முடியவில்லை என்றாய். உனக்குக் கீழே அத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கோவிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், அம்மா திட்டினாள். பெருமைதான், என்ன செய்ய. ஆனால் அத்தனை பேருடைய போனை எடுக்கிறவளுக்கு எங்கள் போனை எடுக்க நேரமில்லை.

கடையில் காத்திருக்க வைப்பது குற்றம். இன்று கேட்டால் சரக்கு நாளை வாசலில் நிற்க வேண்டும். நானும் அப்படித்தான் பிழைத்தேன். கோவிலிலோ நாலு வாரம் காத்திருப்பதே வேலை. சாமியாருக்கு ஊதா உடுப்பு. ஞாயிற்றுக்கிழமையிலும் 'உன்னதங்களிலே' கிடையாது, வானதூதர் பாடிய பாட்டை அவர்கள் பாடிய ராத்திரி வரைக்கும் எடுத்து வைத்துவிடுகிறோம். கடைகளில் நவம்பரிலேயே பாலன் பிறந்துவிடுகிறார், 26-ஆம் தேதி தள்ளுபடிச் சீட்டு ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். நமக்கு அன்றைக்குத்தான் பண்டிகை இரண்டாம் நாள். ஜனவரியில் வரும் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை கிறிஸ்து பிறப்புக் காலம்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரிட்டையர் ஆக வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறு நோவா காலத்து நற்செய்தி. உண்டார்கள், குடித்தார்கள், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் 'பெண்கொண்டும் பெண்கொடுத்தும்' என்று இருக்கும். அந்த 'பெண்கொடுத்தும்' எனக்கு நினைவு வந்ததும் அதற்கு மேல் பிரசங்கம் காதில் ஏறவில்லை. சரி, அதை விடு.

நேற்று மூன்றாம் ஞாயிறு. ரோசா நிற மெழுகுவர்த்தி, மகிழ்ச்சியின் ஞாயிறு. ஆனால் நற்செய்தி என்ன தெரியுமா? திருமுழுக்கு யோவான் சிறையில் இருந்துகொண்டு, வரப்போகிறவர் நீர்தாமா, இல்லை வேறு ஒருவருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். ஆண்டவரைக் கை நீட்டிக் காட்டியவரே அவர்தான். அவருக்கே நாலு சுவருக்குள் இருந்தபோது சந்தேகம் வந்துவிட்டது. ஏன் கேட்டாய் என்று ஆண்டவர் கோபிக்கவில்லை. மகிழ்ச்சியின் ஞாயிறில் இதை வாசிக்க வைத்தவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நீ எதைக் கேட்டாலும், எதைச் சொன்னாலும் நானும் கோபிக்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. கதவைப் பூட்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு ராத்திரி அம்மா தூங்கிய பிறகு உன் நாள்காட்டியை எடுத்து மீதிக் கதவு எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். இனிப்புக்காக இல்லை. ஏதாவது ஒன்றின் உள்ளே நீ சீட்டு வைத்திருப்பாயோ என்று. தொழிற்சாலையில் மூடி வந்த பெட்டிக்குள் நீ எப்படி வைப்பாய்? தெரிந்தேதான் திறந்தேன். மற்றவர்களுக்குக் காத்திருப்பதைப் பற்றிப் பேசுகிற லட்சணம் இது.

பாப்பா, போன வருஷம் இதே நாட்களில் நீ போனில், "அப்பா, இந்தத் தடவை நான் மட்டும் வரட்டுமா?" என்று கேட்டாய். நான் என்ன ஏது என்று கேட்கவில்லை. "ரெண்டு பேருமா வாங்கம்மா, தனியா வந்தா நாலு பேர் கேப்பாங்க" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை நீ. அப்புறம் "சரிப்பா" என்றாய். அவ்வளவுதான். அந்த நாலு பேர் யார் என்று இந்த ஒரு வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான், இதைக் கேட்க வேண்டிய ஆள் அவர் இல்லையே என்று தோன்றியது.

19-ஆம் தேதித் திருப்பலி வாசகத்தில் திருமுழுக்கு யோவானுடைய அப்பா செக்கரியா வருவார். வானதூதர் வந்து சொன்னதற்கு எதிர்ப்பேச்சுப் பேசி, பிள்ளை பிறக்கும்வரை ஊமையாக இருந்தவர். பேர் வைக்கிற அன்று பலகையை வாங்கி எழுதிக் காட்டிய பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது. அந்த வாசகம் 23-ஆம் தேதி. இத்தனை வருஷம் அதைத் தண்டனை என்றே நினைத்திருந்தேன். பேசிக் கெடுத்தவனுக்கு எழுத ஒரு பலகையாவது கொடுத்தாரே என்று இப்போது படுகிறது.

24-ஆம் தேதி ராத்திரித் திருப்பலியில் எசாயா வாசகம் எனக்குத்தான். இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்று ஆரம்பிக்குமே, அது. சின்ன வயதில் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து உதட்டை அசைப்பாய். டிக்கெட்டை நான் எடுத்து அனுப்புகிறேன், லீவு மட்டும் கேட்டுப் பார். ஒரு டிக்கெட் போதும் என்றால் ஒன்று. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நானும்.

24-ஆம் கதவு உனக்கு என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். நான் ஏற்கெனவே திறந்ததை அவளிடம் சொல்லிவிடாதே. பசை தடவி ஒட்டி வைத்திருக்கிறேன். இனிப்பு உள்ளேதான் இருக்கிறது.

அப்பா