கிழமைக் கடனும் ஒரு ஜேர்மன் ஊர்த்தலைவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழமைக்குக் கிழமை தவணை கட்டுகிற நுண்கடனில் சிக்கின பெண்களைப் பற்றி உங்கள் பத்திரிகை தொடர்ந்து எழுதி வருகிறது, எழுதத்தான் வேண்டும். ஆனால் கடனே வேண்டாம் என்று இருந்தால் வன்னியில் வயல் விதைக்க ஏலாது. காலபோகத்துக்கு உழவுக்கூலி, விதைநெல், பசளை, மருந்து என்று காசு முன்னுக்கே போய்விடும், நெல்லு வருவது தை, மாசியில். அந்த நாலு மாதத்தை எப்படிக் கடப்பது? இதற்கு அந்தக் காலத்திலேயே வழி கண்ட ஒருவரை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம்.

பிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன், 1818இல் ஜேர்மனியில் பிறந்தவர். கண் நோயால் படையை விட்டு விலகி, 1845இல் வையர்புஷ் என்ற பின்தங்கிய பகுதிக்கு ஊர்த்தலைவராக வந்தார். அடுத்த வருசமே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம். அரசாங்கம் மா அனுப்பியது, கூடவே காசுக்கு மட்டும்தான் கொடுக்கலாம் என்று உத்தரவும் அனுப்பியது. பட்டினி கிடக்கிறவனிடம் ஏது காசு? மனிசன் உத்தரவை ஒரு பக்கம் வைத்துவிட்டு மாவைக் கடனுக்குக் கொடுத்தார், வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி ஊருக்குப் பொதுவாக ஒரு போறணை கட்டி, குறைந்த விலைக்குப் பாண் சுட்டுக் கொடுத்தார். பிறகு 1849இல் பிளாமர்ஸ்பெல்ட் என்ற இடத்தில், மாடு வாங்க வட்டிக்காரரிடம் போய் மாட்டையும் காணியையும் இழந்துகொண்டிருந்த கமக்காரருக்காக 60 வசதியானவர்களைப் பிணை நிற்க வைத்தார்.

ஆனால் தருமம் எத்தனை நாளைக்கு? கொடுக்கிறவர்களுக்கு மெல்ல மெல்ல மனம் விட்டுப் போனது. அதனால் 1864இல் ஹெடஸ்டோர்ப் என்ற ஊரில் கடன் வாங்குகிறவனே அங்கத்தவனாக இருக்கும் சங்கத்தைத் தொடங்கினார். எனக்குப் பெரிய விசயமாகப் படுவது இதுதான். ஒருவரை ஒருவர் தெரிந்த சின்ன ஊருக்குள் ஒரு சங்கம், எல்லாருக்கும் எல்லாரும் பொறுப்பு, நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை, மிஞ்சுகிற காசு சங்கத்தின் பொதுநிதிக்கு. கமக்காரனின் வருமானம் எப்போது வருமோ அதற்கு ஏற்றபடி தவணை. கண்பார்வை அநேகமாகப் போன பிறகும் மகள் அமாலியின் துணையோடு 1888இல் கண்மூடும்வரை இதே வேலையாகத்தான் இருந்தார்.

சென்னை மாகாணத்துக் கமக்காரரின் கடன் தொல்லைக்கு வழி தேடிய நிக்கல்சன் என்ற அதிகாரி 1890களில் தந்த அறிக்கையின் சாரமே 'ரைபைசனைக் கண்டுபிடியுங்கள்', அதாவது அவரைப் போன்ற ஒருவரைத் தேடுங்கள் என்பதுதான். இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்றைக்கும் எங்கள் ஊர்களில் பெயர்ப்பலகையோடு நிற்கிற சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இப்போது என் தங்கச்சி வீட்டு விறாந்தையைச் சொல்கிறேன். ஒவ்வொரு செவ்வாயும் காலை எட்டரைக்கு ஒரு நிறுவனத்துப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். பாயில் ஆறு பெண்கள், கையில் அட்டை, சேலைத் தலைப்பில் முடிந்த காசு. ஒருத்தி வராவிட்டால் மற்ற ஐந்து பேரும் அவளின் காசையும் கட்டும்வரை எழும்ப முடியாது. அதுவும் ஒருவருக்கொருவர் பிணைதான், ஆனால் அந்த வட்டியில் ஒரு சதம்கூட ஊருக்குள் நிற்பதில்லை, அவர்களுக்கு விதைக்கிற மாதமும் வெட்டுகிற மாதமும் ஒன்றுதான், எப்போதும் தவணை கட்டத்தான் வேண்டும். போன புரட்டாதியில் தவணைக்காகத் தங்கச்சி விதைநெல்லில் இரண்டு மூட்டையை விற்றாள். விதைநெல்லை விற்றால் பிறகு என்னத்தை விதைப்பது?

சரி, சங்கம் இருக்கிறதே, ஏன் அங்கே போகவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ச் சங்கத்தில் கடன் கொடுக்கக் காசு இல்லை, ஏனென்றால் சேமிப்புப் போட ஆள் இல்லை. போன வருசம் பொதுக்கூட்டத்துக்குப் பதினொரு பேர்தான் வந்தோம், ஆள் போதாமல் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து காசு வருகிற வீடுகள்கூட அதை வங்கியில்தான் போடுகின்றன. மாதம் ஐந்நூறு ரூபாயை ஊர்ச் சங்கத்தில் போட்டால், பக்கத்து வயல்காரன் விதைநெல்லை விற்காமல் இருப்பான்.

வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு இந்த வருசக் கூட்டம். நான் ஒன்பது வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், தங்கச்சி தன்னோடு பாயில் இருக்கிற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்,
கிளிநொச்சி.