நோண்டினேன் என்ற சொல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் போட ஒரு மாதம் ஆக்கிவிட்டேன். விடைத்தாள் கட்டுகளைக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனால் அதுதான் உண்மை. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இது நீளமான கடிதம், கண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்துப் படி.

வகுப்பில் என்ன நடத்துகிறாய் என்று கேட்டிருந்தாய். இந்தப் பருவத்தில் ரொமாண்டிக் கவிதைத் தாளில் வேர்ட்ஸ்வொர்த்தைக் கொஞ்சம் குறைத்து ஜான் கிளேரை நுழைத்திருக்கிறேன். நாம் படித்தபோது அந்தப் பெயரே காதில் விழவில்லை. 1793இல் இங்கிலாந்தில் ஹெல்ப்ஸ்டன் என்ற கிராமத்தில், கதிரடிக்கும் கூலியாளின் மகனாகப் பிறந்தவர். 1820இல் முதல் தொகுப்பு வந்ததும் லண்டன் தலையில் தூக்கிவைத்து ஆடியது, பிறகு கீழே போட்டுவிட்டது. கடைசி இருபத்து சொச்சம் ஆண்டுகள் நார்தாம்ப்டன் மனநோய் விடுதியில் கழிந்தன. 1864இல் அங்கேயே இறந்தார்.

வாழ்க்கைக் கதையை வகுப்பிலும் இவ்வளவோடுதான் நிறுத்தினேன். 1841இல் எப்பிங் காட்டோரம் இருந்த முதல் விடுதியிலிருந்து தப்பி, நாலு நாளில் சுமார் 80 மைல் நடந்து, பசிக்குச் சாலையோரப் புல்லைத் தின்றுகொண்டு வீடு போய்ச் சேர்ந்தார் மனிதர். அதைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் கவிதைப் பக்கம் திரும்பவே மாட்டார்கள்.

முதல் வகுப்பில், நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையைப் பற்றி அதே காலத்துக் கவிஞர் கீட்ஸ் எழுதிய கவிதையையும் கிளேர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கீட்ஸின் பறவை கண்ணில் படுவதே இல்லை. குரல் மட்டும் வரும், அதைப் பிடித்துக்கொண்டு அவர் சாவு, அழியாமை என்று எங்கோ போய்விடுவார். கிளேர் முள்புதருக்குள் தவழ்ந்து போய்க் கூட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். காய்ந்த ஓக் இலை, பாசி, ஐந்து முட்டை. முட்டையின் நிறம் மங்கிய பச்சை என்கிறார், உடனே, இல்லை, ஆலிவ் பழுப்பு என்று பாட்டுக்குள்ளேயே தன்னைத் திருத்திக்கொள்கிறார். அந்த ‘இல்லை’யைக் காட்டவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்கும் ஒரே பதிப்பாளர், ஜான் டெய்லர். கீட்ஸ் இயற்கையைப் பார்த்து எழுதவில்லை, கற்பனையில் தோன்றியபடி எழுதினார் என்று கிளேருக்கு ஒரு குறை உண்டு.

சிக்கல் அடுத்த வகுப்பில் வந்தது. கிளேரின் கையெழுத்துப் படிகளில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி அநேகமாகக் கிடையாது. எழுத்துப்பிழை ஏராளம், ஊர்ப்பேச்சு அதைவிட ஏராளம். டெய்லர் எல்லாவற்றையும் சீர்செய்து அச்சிட்டார். இருபதாம் நூற்றாண்டில் வந்த ஆக்ஸ்போர்டு பதிப்போ கையெழுத்தில் இருப்பதை அப்படியே தருகிறது. எதை நடத்துவது? நமக்கு இது புதிதா என்ன? ஏட்டில் புள்ளியும் இல்லை, சொல் பிரிப்பும் இல்லை. உ.வே.சா. பிரித்துக் கொடுத்ததால்தான் நாம் படிக்கிறோம். அதனால் நான் டெய்லர் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

பையன் ஒருவன் எழுந்து, பொதுநிலத்துக்கு வேலி போட்ட மாதிரிதான் டெய்லர் குறி போட்டதும் என்றான். 1809இல் ஹெல்ப்ஸ்டன் பகுதிப் பொதுநிலங்களைத் தனியார் சொத்தாக வேலியடைக்கச் சட்டம் வந்தது, அதைக் கிளேர் மனம் வெந்து பாடியிருக்கிறார் என்று முந்தின நாள் சொல்லியிருந்தேன். வகுப்பு கைதட்டியது. எனக்கு அது கொஞ்சம் சுலபமான ஒப்புமையாகத்தான் பட்டது. இலக்கணம் கொடுங்கோன்மை, அதற்கு நான் அடிமையாக மாட்டேன் என்று டெய்லருக்கே எழுதிய மனிதர், குறிகளைப் போடும் வேலையையும் பெரும்பாலும் டெய்லரிடமே விட்டிருந்தார்.

ஆனால் எலிக்கூடு கவிதையில் நான் தோற்றேன். வைக்கோலுக்கு நடுவே புல் உருண்டை ஒன்று கிடக்கிறது. கவிஞர் போகிற போக்கில் அதைக் குத்திவிட்டுப் போகிறார். ஏதோ அசைகிறது, பறவையாக்கும் என்று திரும்பினால், முலைகளில் குட்டிகள் தொங்கத் தொங்க ஒரு கிழட்டு எலி ஓடுகிறது. அந்தக் ‘குத்திவிட்டு’ என்ற இடத்தில் ‘ப்ராக்ட்’ என்று ஒரு ஊர்ச்சொல் இருக்கிறது. ‘தொட்டேன்’ என்று அடிக்குறிப்பு சொல்லிக்கொடுத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “சார், தொட்டா எலி ஓடாது, நோண்டுனாதான் ஓடும்” என்றாள்.

சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும். நம் துறை ஆண்டுமலருக்கு நீ கொடுத்த ஓணான் கவிதையில் ‘குச்சியால் நோண்டினேன்’ என்று இருந்தது. மலருக்கு நான்தான் ஆசிரியர் குழு. ‘மெல்லத் தீண்டினேன்’ என்று மாற்றி, நாலு காற்புள்ளியும் போட்டு, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறியும் வைத்து அச்சுக்கு அனுப்பினேன். நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பொறாமை, கோபம் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டேனே தவிர, தப்பு என் பக்கம் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. தீண்டினால் ஓணான் ஏன்டா ஓடப்போகிறது?

இப்போது விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் சிவப்புப் பேனா கொஞ்சம் தயங்குகிறது. அதற்காகப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்கிறேன் என்று நினைக்காதே, குறைக்கத்தான் செய்கிறேன்.

அந்தக் கவிதையின் கையெழுத்துப் படி உன்னிடம் இருக்குமா? பழைய பெட்டியைக் குடைந்து பார். இருந்தால் ஒரு நகல் அனுப்பு, அச்சான பக்கம் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அடுத்த வாரம் வகுப்பில் காட்டலாம் என்று இருக்கிறேன். உன் பெயரைச் சொல்லமாட்டேன், என் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு.

உன் பழைய அறைத்தோழன்