1956-ன் சரக்கு ரயிலைச் சரியாக்கித் தந்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

அமெரிக்காவின் வர்ஜீனியா மலைகளில் ஓடிய நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் நிலக்கரிப் பாதையை, 1956 இலையுதிர் காலத்தில் இருந்தபடி ஹெச்.ஓ. அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) மாதிரி ரயில் பாதையாக அமைத்திருக்கிறோம். அதில் ஓடும் ஒவ்வொரு எஞ்சினும் வேகனும் அந்த வருடத்துக்குப் பொருந்துகிறது என்றால் அது உங்கள் உழைப்பு.

முதல் நன்றி, எஞ்சின் பட்டியலில் இருந்து எஃப்7-ஐ நீக்கச் சொன்னவருக்கு. எஃப்7 அந்தக் காலத்து டீசல் எஞ்சின்தான். ஆனால் இந்த ரயில்வே எஃப் வகையை வாங்கவே இல்லை. காலம் பொருந்தினால் மட்டும் போதாது, ரயில்வேயும் பொருந்த வேண்டும். டீசல் இங்கே நுழைந்தது 1955-ல், நீராவி 1960 வரை நீடித்தது. அதனால் ஒய்6பி நீராவி எஞ்சினும் ஜிபி9 டீசல் எஞ்சினும் ஒரே பாதையில் ஓடலாம். ஜிபி30 டீசல் வந்தது 1961-ல். அதற்கு இங்கே இடமில்லை.

வேகன்களைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கச் சொன்ன ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கு மிகப் பெரிய கடன்பட்டிருக்கிறோம். வேகனின் அடியில் தெரியும் காற்று பிரேக்கில் இரண்டு வகை உண்டு. பழைய கே பிரேக்கில் சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் ஒரே துண்டு. பின்னால் வந்த ஏபி பிரேக்கில் சிலிண்டர், தொட்டி, வால்வு மூன்றும் தனித்தனி. ரயில்வேக்களுக்கிடையே மாறி ஓடும் வேகன்களில் கே பிரேக் 1953-லும், ஆர்ச் பார் போகி (இரும்புப் பட்டைகளைப் போல்ட் போட்டு இணைத்த பழைய சக்கரச் சட்டம்) 1941-லும் தடைசெய்யப்பட்டன. ஆகவே வேறு ரயில்வேயின் பெயர் தாங்கிய வேகனில் இவை இரண்டில் எது இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். கூரை நடைபலகையைக் கழற்றிவிடாதீர்கள் என்றும் அவர் எச்சரித்தார். அது மறையத் தொடங்கியது 1966-க்குப் பிறகுதான்.

பக்கவாட்டு எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் படித்தவர்களே, உங்கள் கண்ணுக்கு நன்றி! 1948-ல் கட்டிய பாக்ஸ் கார் (மூடிய சரக்கு வேகன்) 1956-க்குச் சரி. ஆனால் அதே உடல் பர்லிங்டன் நார்தர்ன் ரயில்வேயின் பச்சை நிறத்தில் வந்தால் தவறு, அந்த நிறுவனமே 1970-ல்தான் பிறந்தது. கட்டிய தேதியை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும், எடை போட்ட தேதியையும் பார்க்க வேண்டும். எட்டு வருடம் ஓடிய வேகனில் ‘புதிது’ என்ற முதல் எடைக்குறிப்பு அப்படியே இருக்காது. அதை மறைத்து, மறு எடைத் தேதியை டெக்காலாக (ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்ட வேண்டும். அதற்கான டெக்கால்களை அச்சிட்டு அனுப்பியவருக்குத் தனி வணக்கம்.

ஹாப்பர்களில் (நிலக்கரி வேகன்கள்) பெரும்பகுதி சொந்த ரயில்வேயுடையதாகவும், பாக்ஸ் கார்கள் நாடெங்கும் இருந்து வந்து கலந்ததாகவும் இருக்கட்டும் என்ற ஆலோசனையும் அருமை. பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேக்களின் வேகன்களை அதிகம் சேர்த்தோம். அந்த ரயில்வேக்களிடம் அவ்வளவு அதிக வேகன்கள் இருந்தன. வர்ஜீனியன் ரயில்வேயின் வேகன்கள் தங்கள் பழைய பெயரிலேயே ஓடுகின்றன, அது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னோடு இணைந்தது 1959-ல்தானே.

மாதிரி வேகன்களின் எடையைச் சரிபார்த்தவர்களுக்கும் நன்றி. அடிப்படை 1 அவுன்ஸ், அதோடு மாதிரியின் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நாற்பது அடி பாக்ஸ் காரின் மாதிரிக்குச் சுமார் 110 கிராம். குறைந்தால் நீண்ட ரயிலின் நடுவில் இருக்கும் வேகன் வளைவில் உள்பக்கம் இழுபட்டுத் தடம்புரளும். குளிர்பதன வேகன்களின் எழுத்துகள்தான் இன்னும் பாக்கி. புகைப்படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
பாதை அமைப்புக் குழுவினர்